கருங்கல்லில் வெட்டிய பெயர்

அந்தச் சாக்கு மேல மட்டும் கால வச்சிராதீங்க, தம்பி. கோவிச்சுக்கிடாதீங்க. தெரிஞ்சு வைக்கல, எனக்குத் தெரியும். இந்தக் கப்பல்ல ரெண்டு கட்டிலுக்கு நடுவுல கால் வைக்க எங்க இடம் விட்டிருக்கான். ஆனா அது வேற சாமான். கல்லு. கருங்கல்லு. சென்னை ஹார்பர்ல மூட்டை தூக்க வந்த ஆளு, என்னய்யா அம்மிக்கல்லா கொண்டுபோறீருன்னு கேட்டான். ஆமாய்யா, அந்தமான்ல போய் சட்னி அரைக்கப் போறேன்னு சொல்லிட்டு நானே தூக்கிட்டு வந்துட்டேன். இந்த வயசுல. இடுப்பு பிடிச்சுக்கிட்டு இன்னும் விட மாட்டேங்கு.

உக்காருங்க. மொதத் தடவையா கப்பல்ல? முகத்தப் பாத்தாலே தெரியுது. வெறும் வயித்தோட கிடக்காதீங்க, அதுதான் பொரட்டும். காஞ்ச ரொட்டி ஏதாச்சும் தின்னுட்டு, மேல போய் வானமும் கடலும் சேருற கோட்டப் பாத்துக்கிட்டே நில்லுங்க. சரியாப் போயிரும். பேங்க்ல வேலையா? போர்ட் பிளேர்லயா? நல்லது. என் பேரு சந்தியாகு. தூத்துக்குடிக்காரன். அந்தத் தீவுகளுக்குள்ள போட்டு ஓட்டுன சாரங்கு. சுக்கான் பிடிச்சுப் படக நடத்துறவன் சாரங்கு, தெரியும்லா.

நான் போர்ட் பிளேரோட நிக்கப்போறதில்ல. அங்க எறங்கி வேற கப்பல் பிடிச்சு நிக்கோபார் போணும். அதுலயும் ஒரு சின்னத் தீவு. பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது. மேப்புல ஈ உக்காந்தா மறைஞ்சு போற தீவு. அங்கதான் என் மகன் அடங்கிக் கிடக்கான். அவன் கல்லறையில நடுறதுக்குத்தான் இந்தக் கல்லு. குருசு போட்டு, பேரு வெட்டி வச்சிருக்கேன். ஏன்னா அந்தத் தீவுல ஒருத்தரும் என் மகன் பேரச் சொல்ல மாட்டேங்காவ, தம்பி. ஒருத்தர் வாயிலயும் வர மாட்டேங்கு. சரி, வாயால சொல்லலன்னா கண்ணாலயாச்சும் பாக்கட்டும். கல்ல நட்டுட்டா என்ன செய்வாவ?

கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இது நியாயமா.

போர்ட் பிளேர்ல ஒரு யாவாரி. அவருக்கு லைசென்ஸ் இருந்துச்சு, நிக்கோபார்த் தீவுகள்ல கொப்பரையும் பாக்கும் எடுக்கதுக்கு. அரிசி, சீனி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் ஏத்திக்கிட்டுப் போவோம், கொப்பரை ஏத்திக்கிட்டு வருவோம். வாடைக்காத்து ஓஞ்ச பிறவு கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கிடக்கும் பாருங்க, அந்தச் சீசன் பூரா தீவு தீவாப் போய்க்கிட்டே இருப்போம். பாறைக்கு வெளிய நங்கூரம் போட்டா, தீவுக்காரங்க சின்ன வள்ளத்துல வருவாவ. ஒத்தை மரம், ஒரு பக்கம் கட்டை கட்டியிருக்கும். ஹோடின்னு சொல்லுவாவ. அதுல ஏறிக் கரைக்குப் போனா, கால் நட்ட உருண்டை வீடு, கீழ பன்னி மேயும், மேல ஆளுக இருப்பாவ. பழைய வழக்கமும் உண்டு, மாதா கோயிலும் உண்டு. ஊருக்கு ஒரு தலைவர். அவருக்குக் கேப்டன்னு பேரு. கப்பல் கெடையாது, ஒண்ணும் கெடையாது, ஆனா கேப்டன். அந்தத் தீவுல கேப்டன் டைட்டஸ். அவர் சொன்னா சொன்னதுதான்.

நான் எத்தனையோ வருசமா அங்க போறேன். தேங்காய்க்கு அவங்க பாஷையில என்னன்னு கேட்டா இன்னும் எனக்குச் சொல்லத் தெரியாது. எதுக்குத் தெரியணும்? யாவாரத்துக்கு இந்தி போதும். என் மகனுக்குப் பதினெட்டு முடிஞ்ச கையோட எஞ்சின் பாக்கக் கூட்டிட்டுப் போனேன். ஒரே சீசன், தம்பி. அந்த ஒரே சீசன்ல அவங்களோட சண்டை போடுற அளவுக்குப் பேசப் படிச்சிட்டான். பொறந்ததுலருந்தே அவனுக்கு வாய் நிக்காது. பூசையில சாமியார் பிரசங்கம் வச்சா, இவன் பக்கத்துல இருக்கவன்கிட்ட வேற பிரசங்கம் வப்பான்.

என்னய அங்க சாரங்குன்னுதான் கூப்பிடுவாவ. என் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. இவனப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. போட்டு தூரத்துல வரும்போதே கரையில நின்னு அவன் பேரச் சொல்லிக் கத்துவாவ. போர்ட் பிளேர்லருந்து ஒரு முருங்கைக் கம்பு கொண்டுபோய் நட்டான். அவன் அம்மைக்கு முருங்கைக்கீரை இல்லாம ஆகாது, அந்த ஞாபகம். அது பிடிச்சுக்கிட்டு வளந்துச்சு. அந்த மரத்துக்கு அவங்க இவன் பேர வச்சிட்டாவ. பாறைக்கு வடக்க இவன் மீன் பிடிக்க எடம் ஒண்ணு, அதுக்கும் இவன் பேரு. பக்கத்து வீட்டுல ஒரு பொடியன் பொறந்தான், அவனுக்கும் இவன் பேரு. ஒரு பன்னிக்குட்டிக்குக்கூட இவன் பேர வச்சிருந்தாவ, கேளுங்க. அந்தப் பன்னி இவன் பின்னாலயே சுத்தும். நான் கேலி பண்ணுவேன், லேய், உன் தம்பி வாறான் பாருன்னு.

இப்ப ஒரு விசயம் சொல்லுதேன், அதையும் கேட்டாத்தான் உங்களுக்கு விளங்கும். ஒரு தடவை நாங்க நங்கூரம் போட்டுக் கிடக்கும்போது கேப்டனோட அம்மை செத்துப்போனா. அடக்கம் பண்ணுனாவ. பிறவு அந்தக் கெழவி புழங்குன சட்டி, பெட்டி, பாய், துணி எல்லாத்தையும் ஒடச்சு, கிழிச்சு, கல்லறை மேல போட்டாவ. நல்ல பித்தளைச் சட்டி, தம்பி, எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ பேர அதுக்குப் பிறவு ஒருத்தரும் சொல்லல. அதே பேருல இன்னொரு பொம்பளை இருந்தா, அவளுக்கு ஒடனே வேற பேரு வச்சிட்டாவ. என்னலே இது கூத்துன்னு என் மகன்ட்ட கேட்டேன். அவங்க வழக்கம் அப்படித்தான் அப்பா, ரொம்ப வேண்டியவங்கன்னா ரொம்ப நாளு சொல்ல மாட்டாவன்னான். நல்ல வழக்கம்லே, நம்ம ஊர்ல ஒரு அந்தோனி செத்தா பாதி ஊருக்குப் பேரு இல்லாமப் போயிருமேன்னேன். அவன் சிரிக்கல. சிரிக்கிறவன்தான். அன்னைக்கு ஏனோ சிரிக்கல.

அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கேப்டன் மகள் ஒருத்தி, ஹில்டா. அமைதியான பிள்ளை. இவன் பேசப் பேச அவ கேட்டுக்கிட்டே இருப்பா. அடுத்த சீசன்ல அப்பா, நான் இங்கயே இருந்துக்கிடுதேன்னுட்டான். அங்க கல்யாணம் பண்ணுனா ஆம்பளைதான் பொம்பளை வீட்டுக்குப் போணும். வீட்டோட மாப்பிள்ளை. எங்க வம்சத்துல கேட்டதுண்டா? வீட்டுக்காரி அமலோற்பவம் ஒரு வாரம் அடுப்புப் பத்த வைக்கல. கடைசியில அவதான் சரின்னா. பக்கத்துப் பெரிய தீவுலருந்து பாதர் வந்து கல்யாணம் முடிச்சு வச்சார். நான் போயிருந்தேன். ஹோடி ஒண்ணு அவனுக்குன்னு செஞ்சு கொடுத்தாவ. நான் என்னோட ஸ்பேனர் செட்டக் கொடுத்தேன். எங்க அப்பா எனக்குக் கொடுத்தது.

அவன் அங்க நல்லா இருந்தான். அதச் சொல்லணும்லா. இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஒவ்வொரு சீசனும் போகும்போது பாத்தேன். கறுத்துப்போய், உடம்பு வச்சு, அவங்கள்ல ஒருத்தன் மாதிரி நடந்துக்கிட்டிருந்தான். நான் கரையில எறங்குனா மொதல்ல அவங்க பாஷையில ஏதோ சொல்லிட்டு, பிறவுதான் அப்பான்னுவான்.

போன வருசம் ஆடி. அமலோற்பவத்துக்குக் கண்ணு ஆப்பரேசன்னு நான் ஊருக்கு வந்திருந்தேன். அங்க அவனுக்குக் காய்ச்சல். தலைக்கேறுற மலேரியா. ஆடிக்கடல் உங்களுக்குத் தெரியாது. கப்பலே போக யோசிக்கும். அந்தக் கடல்ல அவன ஹோடியில போட்டு, கேப்டனும் இன்னும் நாலஞ்சு பேரும் துடுப்புப் போட்டுப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாவ. போய்ச் சேரல. பாதிக் கடல்லயே போயிட்டான். யாவாரி எனக்குப் போன் பண்ணுனாரு. அவரு சந்தியாகுன்னார். அந்தக் குரலு போதும். எனக்கு விளங்கிட்டு.

கப்பல் கெடச்சு நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாளாயிட்டு. கெளம்பும்போது அமலோற்பவம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அவன் போட்ட சட்டை ஒண்ணு கொண்டாங்க, துவைக்காத சட்டையாக் கொண்டாங்கன்னா.

கல்லறைக்குப் போனேன். தென்னந்தோப்புக்கு அங்கிட்டு. மண்ணு மேல அவன் ஹோடிய ரெண்டாத் துண்டு போட்டு வச்சிருந்தாவ. ரேடியோ நசுங்கிக் கிடந்துச்சு. ஸ்பேனரெல்லாம் வளைச்சு, ஒண்ணு பாக்கியில்லாம. இரும்ப வளைக்க எவ்வளவு பாடு பட்டிருக்கணும்? சட்டை பூரா கிழிச்சு, மழையில நனைஞ்சு, மக்கிப்போய். ஒரு கைப்பிடித் துணி எடுத்து மோந்து பாத்தேன். மண்ணு வாசம்தான் வந்துச்சு. பெத்தவளுக்கு நான் என்னத்தக் கொண்டுபோவேன்?

கேப்டன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தார். ரெண்டு உள்ளங்கையும் புண்ணு ஆறித் தோலு வெள்ளையாக் கிடந்துச்சு. என் மகன் பேர ஒரு தடவை சொல்லும், ஒரே ஒரு தடவை, இங்க இப்படி ஒருத்தன் இருந்தான்னு ஒத்துக்கிட்டதா நெனச்சுக்கிடுதேன்னேன். அவர் இந்தியிலதான் சொன்னார், பைய சொன்னார்.

"சாரங்கு, பேரச் சொன்னா அவன் திரும்பிப் பாப்பான். திரும்பிப் பாத்தான்னா போற எடத்துக்குப் போகமாட்டான். அவன் எங்க பிள்ளை. நல்லபடியாப் போகட்டும், விடு."

எங்க பிள்ளையாம். பெத்தது யாரு? அவங்க வழக்கம் அவங்க ஆளுகளுக்கு, தம்பி. அந்தக் கெழவிக்குச் செஞ்சாவ, சரி, அவ அவங்க ஆளு. என் மகன் தூத்துக்குடிக்காரன். பனிமய மாதா கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவன். அவனுக்கு எதுக்கு இதச் செய்யணும்? யாரோ ஒரு வெளியூர்க்காரனா நெனச்சிருந்தா அவன் சட்டையச் சும்மா விட்டிருப்பாவல்லா. எனக்கு ஒண்ணாச்சும் மிஞ்சியிருக்கும்.

திரும்பிப் பாப்பானாம். திரும்பிப் பாக்கணும்னுதான கூப்பிடுறோம்? எனக்கு வேற என்ன வேணும்?

சரி, நீங்க சொல்லாட்டி நான் சொல்லுதேன்னு கல்லறைக்குப் போய் நின்னேன். அங்க இருக்க வரைக்கும் தெனமும் போனேன். வாயத் திறந்தா உப்புக்காத்து. தொண்டை கட்டிப்போச்சு. மழையில நனைஞ்சது வேற.

அந்தப் பக்கத்து வீட்டுப் பொடியன் பேர மாத்திட்டாவ. மீன் பிடிக்க அந்த எடத்துக்குப் பேரு மாத்திட்டாவ. பன்னிய என்ன பண்ணுனாவன்னு நான் கேக்கல. முருங்கை மரம் இருக்கு, பூத்துக் கொட்டுது. அத இப்ப என்ன சொல்லிக் கூப்பிடுதாவ தெரியுமா? சாரங்கு மரம். என் பேராம். எனக்கு எதுக்கு மரம்? ஊரே கூடி யோசிச்சு வச்சாவளாம். அந்தப் பொடியன் கைய நீட்டி அதக் காட்டி, என்னயும் காட்டிச் சிரிக்கான். எனக்கு அந்த மரத்தக் கட்டிப் பிடிச்சு அழணும் போல இருந்துச்சு. அழல. அவங்க முன்னால எதுக்கு அழணும்?

ஹில்டாவப் போய்ப் பாத்தேன். முடிய வெட்டியிருந்தா. நீயாச்சும் சொல்லும்மா, மாமா காதுல மட்டும் சொல்லு, ஒருத்தருக்கும் கேக்காதுன்னேன். அவ உதட்டக் கடிச்சா. கடிச்ச எடத்துல ரத்தம் வந்துட்டு, தம்பி. கண்ணுலருந்து கொட்டிக்கிட்டே இருக்கு, வாயத் திறக்கல. பிறவு என் கையப் பிடிச்சு அவ வயித்து மேல வச்சா. உள்ள உதைச்சுது. நான் கைய எடுக்கவே இல்ல.

வெறுங்கையோடதான் ஊருக்கு வந்தேன். அமலோற்பவம் என் பையத் தொறந்து, அடி வரைக்கும் துளாவிப் பாத்தா. அப்புறம் மூடி வச்சிட்டா. சட்டை எங்கன்னு கேக்கல. வீட்டுல அவனப் பத்திப் பேசாத நாள் கெடையாது. அவன் இருந்தா இந்நேரம் இந்த மீனுக்குச் சண்டைக்கு வருவான், அவனுக்கு இந்த வால்துண்டுதான் பிடிக்கும்பா. அவன்னா வீட்டுல ஒருத்தன்தான. பேரு எதுக்கு? கல்லறைத் திருநாளுக்குப் பூசையில பேரு வாசிக்கணும், எழுதிக் கொடுங்கன்னு கோயில்ல கேட்டாவ. அவளும் எழுதல, நானும் எழுதல. ரெண்டு பேருமே மறந்துட்டோம். வயசாயிட்டுல்லா.

இந்தக் கல்லு வெட்டுறவன் இருக்கானே, அவன் ஒரு பொல்லாத ஆளு. பேரச் சொல்லும்வே, பேரச் சொல்லும்வேன்னு உசிர வாங்கிட்டான். நான் என் மகன் ஞானஸ்நான சர்ட்டிபிகேட்ட எடுத்து நீட்டுனேன். சொல்லத் தெரியாமயில்ல. எழுத்துப் பிழை வந்திரக் கூடாதுல்லா. கல்லுல தப்பு வந்தா அழிக்க முடியாது. வெட்டி முடிச்சிட்டு, சரியா இருக்கான்னு வாசிச்சுப் பாரும்னான். சரியாத்தான் இருக்கும், சாக்குல கட்டுன்னேன்.

நான் மறுபடி போறதுக்குப் பாஸ் வாங்கணும்லா. கேப்டன் சம்மதம் இல்லாம வெளியாளு அந்தத் தீவுல கால் வைக்க முடியாது. நான் பேசுன பேச்சுக்கு அந்த மனுசன் கொடுக்கமாட்டார்னுதான் நெனச்சேன். கேக்கதுக்கு முன்னாலயே கொடுத்திருக்கார். பிள்ளை பொறந்துட்டு, ஆம்பளைப் பிள்ளை, ஏன் இன்னும் வரலன்னு யாவாரிகிட்ட கேட்டு விட்டிருக்கார். பிள்ளைக்குப் பேரு வைக்கலியாம். சாரங்கு வந்து வைக்கட்டும்னு வச்சிருக்காவளாம்.

எனக்கு அது போதும். நம்ம ஊர்ல என்ன செய்வோம்? செத்தவன் பேரத்தான வைப்போம். அந்தப் பிள்ளைக்கு அப்பன் பேரு. கல்ல நட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு, எல்லார் முன்னாலயும் நின்னு பேரு வைப்பேன். பிள்ளைய நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடணும். சோறு ஊட்டும்போது கூப்பிடணும், தண்ணிக்குள்ள ஓடுனா கத்திக் கூப்பிடணும். பிறவு அவங்களும் கூப்பிட்டுத்தான ஆகணும்? ஹில்டாவும் கூப்பிட்டுத்தான ஆகணும்?

அவ உதட்டுல வந்த ரத்தம் அப்பப்ப ஞாபகத்துக்கு வருது. சரி, அது கெடக்கட்டும்.

அமலோற்பவமும் வாறேன்னுதான் சொன்னா. கண்ணு சரியில்லன்னு டாக்டர் விடல. கெளம்பும்போது இந்தா இதக் கொண்டுபோங்கன்னு ஒரு பொதி கொடுத்தா. பிள்ளைக்குச் சட்டை. அவளே தச்சது, அவன் குழந்தையில கிடந்த சேலைத்தொட்டில் துணியில. பேரு வச்சு முடிச்சதும் போன் பண்ணுங்க, பிள்ளை பேர என்கிட்ட சொல்லுங்கன்னா. உனக்குத் தெரியாதாக்கும்னேன். இல்ல, நீங்க சொல்லி நான் கேக்கணும்னா. இப்பவே சொல்லுதேன், கேளுன்னு சொல்லிட்டு நின்னேன். பஸ்சு வந்துட்டு.

என்ன தம்பி? என்ன கேட்டிய?

பேரா?

அட, இவ்வளவு நேரம் சொல்லாமயா இருந்தேன்? சொல்லியிருப்பேனே. இருங்க. கப்பல் ஆடுற ஆட்டத்துல தொண்டை வறண்டு கிடக்கு, தண்ணி கொஞ்சம் குடிச்சிட்டு...

இல்ல. இப்படிச் செய்யுங்க. அந்தச் சாக்கப் பிரிங்க. சணல்தான் கட்டியிருக்கு, சுருக்கு முடிச்சு, இழுத்தா வந்திரும். உள்ள பழைய போர்வை. விலக்குனா குருசு தெரியும், அதுக்குக் கீழதான் பேரு. பெரிய எழுத்துலதான் வெட்டியிருக்கு, நீங்களே பாத்துக்கிடுங்க. நான் கொஞ்ச நேரம் மேல போய்க் காத்தாட நிக்கேன்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு. வாய்விட்டு வாசிச்சிராதீங்க. மனசுக்குள்ளயே வாசிங்க.